அக்கா, தம்பி, சித்தி மூவரும் மரபணுப் பரிசோதனைக்கு மறுக்கிறார்கள்: எப்படிப் பேசுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 41 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்திருக்கின்றன. அம்மா 52 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர். உங்கள் ரத்தத்தைச் சோதித்ததில் பிஆர்சிஏ 1 மரபணுவில் நோய்க்குக் காரணமாகும் மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டர் "கூடப் பிறந்தவங்களையும் அம்மா வழிச் சொந்தக்காரங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நீங்களும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட்டைப் போட்டு, எல்லோரும் உடனே டெஸ்ட் எடுங்கள் என்று எழுதினீர்கள். 46 வயது அக்கா பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. தம்பி "அது பொம்பளைங்களுக்கு வர்றதுதானே" என்றுவிட்டார். அம்மாவின் தங்கையான சித்தி போன் செய்து, தன் பெண்களிடம் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று சத்தம் போட்டார். இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் மரபியல் ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள், பெரும்பாலும் உங்களைப் போலவே சிகிச்சை முடிந்த களைப்பு தீராத முகத்தோடு. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்கிறேன். அவர்களைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பொறுப்பு என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். செய்தி ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக, புரிகிற மாதிரி, முழுசாகப் போய்ச் சேர வேண்டும், அப்புறம் எப்போது மனசு மாறினாலும் அவர்கள் உங்களிடம் கூச்சமில்லாமல் திரும்பி வர முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் நீங்கள் பொறுப்பு. ரத்தம் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் முடிவு. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வற்புறுத்தலாகத் தெரிந்த குடும்பங்களில் பேச்சே நின்றுபோய், வந்திருக்கக்கூடியவர்களும் வராமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குழுவில் போட்டது ஏன் வேலை செய்யவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் நாலு பக்க ரிப்போர்ட், கீழே "உடனே" என்று ஒரு வார்த்தை. படிக்கிற ஒவ்வொருவருக்கும் அது யாருக்கோ எழுதியது போலத்தான் இருக்கும், இல்லையென்றால் தன் உடம்பைப் பற்றிப் பத்துப் பேர் முன்னால் பேசுகிற மாதிரி இருக்கும். உங்கள் அக்கா அந்தக் குழுவில் என்ன பதில் போட்டிருக்க முடியும்? "எனக்குப் பயமா இருக்கு" என்று மாமியாரும் நாத்தனாரும் இருக்கிற குழுவில் யாரும் எழுத மாட்டார்கள். இது உங்கள் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒரு வரியில் உங்களை அனுப்பிவிட்ட மருத்துவமனைதான் இதை எப்படிச் சொல்வது என்று உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

சரி, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு தாளை எடுத்துக் குடும்ப மரம் வரையுங்கள், அதில் ரத்த உறவை மட்டும் எழுதுங்கள். நம் மொழியில் இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. சித்தி என்றால் அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், சித்தப்பாவின் மனைவியாகவும் இருக்கலாம். மாமா என்றால் அம்மாவோடு பிறந்தவரா, அத்தையின் கணவரா என்று கேட்டால்தான் தெரியும். "எங்க குடும்பத்துல மூணு பேருக்கு கேன்சர் இருந்தது" என்று வந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டால் அதில் இரண்டு பேர் கல்யாணம் வழியாக வந்தவர்கள் என்று ஆவதுண்டு. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் யாருடைய பிள்ளை என்று எழுதி, என்ன புற்றுநோய், எந்த வயதில் தெரிய வந்தது என்பதையும் குறியுங்கள். "வயித்துல கட்டி" என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அது சினைப்பையா, பெருங்குடலா, கருப்பையா என்று பழைய ஃபைல் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா உயிரோடு இருந்தால் அவரும் ஒருமுறை ரத்தம் கொடுப்பது நல்லது. அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்திருப்பதால் மாற்றம் அம்மா வழியில் வந்திருக்கும் என்பது வலுவான ஊகம்தான், ஆனால் ஊகம்தான். அம்மாவைச் சோதிக்க இனி வழியில்லாதபோது, அப்பாவுக்கு அந்த மாற்றம் இல்லை என்று தெரிந்தால் அம்மா வழி என்பது ஏறக்குறைய உறுதியாகிவிடும். அப்பாவுக்கு இருந்தால் நீங்கள் தவறான பக்கத்துச் சொந்தங்களை எச்சரித்துக்கொண்டிருப்பீர்கள், அத்தைகளுக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா வழியாக மார்பகப் புற்றுநோய் ஆபத்து வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிஆர்சிஏ 1 இருப்பது 17ஆம் குரோமோசோமில், அதைப் போலவே புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ 2 இருப்பது 13ஆம் குரோமோசோமில். இரண்டும் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் இல்லை, அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒரே மாதிரிதான் வரும், மகனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரிதான் போகும்.

கணக்கு எளிது. மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. உங்கள் அக்காவுக்கும் தம்பிக்கும் அதுதான். மாற்றம் அம்மா வழியில் வந்தது என்றால் சித்திக்கும் பாதிக்குப் பாதி, சித்தியின் பெண்களுக்கு 25 சதவீதம். ஒருவருக்கு வந்துவிட்டதால் அடுத்தவருக்கு வராது என்றெல்லாம் இல்லை, ஒவ்வொரு பிறப்புக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. "எனக்கு அம்மா ஜாடை, அதனால எனக்கும் இருக்கும்" என்று சொல்வதிலும் உண்மை இல்லை. முக ஜாடைக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

இப்போது உங்கள் அக்கா. மூன்று பேரில் எனக்கு அதிகக் கவலை அவரைப் பற்றித்தான். 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிஆர்சிஏ 1, 2 மாற்றங்கள் உள்ள பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிஆர்சிஏ 1 உள்ளவர்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர ஏறத்தாழ 72 சதவீத வாய்ப்பு, சினைப்பைப் புற்றுநோய் வர 44 சதவீத வாய்ப்பு என்று தெரிய வந்தது. மாற்றம் இல்லாத பெண்களில் சினைப்பைப் புற்றுநோய் நூற்றில் ஒருவர், அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான். மார்பகத்துக்காவது எம்ஆர்ஐ, மேமோகிராம் என்று வருடா வருடம் பார்த்துச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வழி இருக்கிறது. சினைப்பைக்கு அப்படி நம்பக்கூடிய வழி இன்னும் இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் தொடர்ந்து கண்காணித்தும் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. அவர்கள் பொதுமக்கள்தான், மாற்றம் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஆனாலும் "நான் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்கறேன், அது போதும்" என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

அதனால்தான் பிஆர்சிஏ 1 இருப்பது உறுதியான பெண்களுக்குக் குழந்தைப்பேறு முடிந்தபின், பொதுவாக 35 முதல் 40 வயதுக்குள், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். அது சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பை 80 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது. உங்கள் அக்காவுக்கு 46. அந்த வயது ஏற்கெனவே கடந்துவிட்டது, ஆகவே அவருக்கு இது "பார்க்கலாம், அப்புறம்" என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

ஆனால் இந்த எண்களை அவரிடம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அக்கா பேசாமல் இருப்பதற்குக் காரணம் எண் தெரியாதது இல்லை என்று நினைக்கிறேன். அம்மா படுத்திருந்தபோது பக்கத்தில் இருந்தது யார்? அக்காவாக இருந்தால், அவருக்குப் புற்றுநோய் என்ற வார்த்தைக்கே வேறு அர்த்தம். அந்த ஆஸ்பத்திரி வாடை, வயிற்றிலிருந்து நீர் எடுத்தது, கடைசி ராத்திரி, இதெல்லாம்தான் அவருக்கு ஞாபகம் வரும். அவரிடம் போய் 44 சதவீதம் என்றால் காதில் விழாது. போய் உட்கார்ந்து, "அம்மாவை நீதானே பார்த்துக்கிட்ட, அப்ப உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் முடிக்கிற வரை பேசாமல் இருங்கள். முதல் சந்திப்பில் டெஸ்ட் என்ற சொல் வராமலே போனாலும் பரவாயில்லை.

ஒரு அக்கா தங்கை என் அறைக்கு வந்தார்கள், இதே மாதிரி நிலைமை. அக்கா அந்த ஒரு மணி நேரமும் கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எழுந்து போவதற்குத் தயாராக இருப்பவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார். தங்கை ஆர்வமாக எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார், நான் வரைபடம் போட்டு விளக்கினேன், அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கிளம்பும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா, உடனே ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு சொல்லுவீங்களா?" இல்லை என்றேன். டெஸ்ட் எடுப்பது வேறு, அதன்பின் என்ன செய்வது என்பது வேறு, எம்ஆர்ஐயோடு மட்டும் தொடரலாம், அறுவை சிகிச்சையைச் சில காலம் கழித்து யோசிக்கலாம், ஒன்றுமே செய்யாமல் தெரிந்துமட்டும் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு, நான் என் அபிப்பிராயத்தைச் சொல்வேன், கையைப் பிடித்து இழுக்க மாட்டேன் என்று சொன்னேன். அன்றைக்கு அவர் ரத்தம் கொடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்துத் தனியாக வந்தார். தங்கை கொடுத்திருந்த ரிப்போர்ட் பிரதியை நாலாக மடித்து, ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். எட்டு மாதமும் அது அந்தக் கைப்பையிலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பிரதி முக்கியம், இதை அழுத்திச் சொல்கிறேன். "எங்க வீட்ல பிஆர்சிஏ இருக்காம்" என்று வாய்வார்த்தையாக ஒருவர் வந்தால் ஆய்வகம் மரபணு முழுவதையும் தேட வேண்டியிருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் மரபணுவின் பெயருக்குப் பக்கத்தில் 'சி.68_69டெல்' என்பதுபோல எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். பல்லாயிரம் எழுத்துகள் கொண்ட புத்தகத்தில் எழுத்துப்பிழை எந்த இடத்தில் என்று சொல்லும் பக்க எண் மாதிரி அது. அது கையில் இருந்தால் உறவினரிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், இருக்கிறது அல்லது இல்லை என்று தெளிவான பதில் வரும். இல்லை என்று வந்தால் அந்தப் பதிலை நம்பலாம், அவருடைய ஆபத்து பொது மக்களின் ஆபத்துக்கு இறங்கிவிடுகிறது, அவர் பிள்ளைகளுக்கும் அவர் வழியாக இது போகாது. சில ஆய்வகங்கள் ஒருவருக்கு மாற்றம் தெரிய வந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் வரும் உறவினர்களுக்குக் கட்டணமே வாங்குவதில்லை, அல்லது குறைத்து வாங்குகின்றன. உங்கள் ஆய்வகத்தில் அப்படி இருக்கிறதா, கடைசித் தேதி எது என்று கேட்டு, அந்தத் தேதியை எல்லோருக்கும் சொல்லுங்கள். எச்சில் மாதிரியை வீட்டிலிருந்தே அனுப்பும் பொதுவான டெஸ்ட்களை நம்பி யாரும் ஏமாற வேண்டாம், அவற்றில் பல சில குறிப்பிட்ட மாற்றங்களை மட்டும்தான் பார்க்கும், உங்கள் குடும்பத்து மாற்றம் அந்தப் பட்டியலில் இல்லாமல் போனால் "ஒன்றுமில்லை" என்று வரும் பதிலுக்கு அர்த்தமே இல்லை.

(இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ரிப்போர்ட்டில் நோய்க்குக் காரணமான மாற்றம் என்று இல்லாமல் "முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்" என்று இருந்தால் அதை வைத்துச் சொந்தக்காரர்களை டெஸ்டுக்கு அனுப்பாதீர்கள். அப்படிப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை பிற்பாடு ஒன்றுமில்லை என்று முடிவாகின்றன. குடும்பத்தில் இனிமேல்தான் முதல் டெஸ்ட் என்றால், முடிந்தவரை புற்றுநோய் வந்தவரிடமிருந்து தொடங்குங்கள்.)

தம்பிக்கு வருவோம். "பொம்பளைங்களுக்கு வர்றதுதானே" என்பதற்கு நேர்மையான பதில்: பிஆர்சிஏ 1 என்றால் அவருடைய சொந்த உடம்புக்கு ஆபத்து உங்களுக்கும் அக்காவுக்கும் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், ஆனால் பிஆர்சிஏ 1-ல் அது நூற்றில் ஒருவர் அளவுதான். பிஆர்சிஏ 2 என்றால் ஆண்களுக்கு மார்பகம், புராஸ்டேட், கணையம் என்று கவலை அதிகம், 40 வயதிலிருந்தே புராஸ்டேட் பரிசோதனை சொல்வார்கள். ஆகவே அவரைப் பயமுறுத்தி வரவைக்க முயலாதீர்கள், பயமுறுத்த அவ்வளவு விஷயம் இல்லை, அவர் இணையத்தில் தேடினால் நீங்கள் கூட்டிச் சொன்னதாகத் தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்கு 17 என்று எழுதியிருக்கிறீர்கள். பேச வேண்டியது அதைத்தான். "உனக்காக இல்லடா, உனக்கு இல்லைன்னு தெரிஞ்சா ரெண்டு பொண்ணுங்களும் இதைப் பத்தி வாழ்நாள் முழுக்க யோசிக்கவே வேண்டாம். ஒரு தடவை ரத்தம் குடுத்தா போதும்." என் அனுபவத்தில் அப்பாக்கள் இதற்கு அசைகிறார்கள். அந்தப் பெண்களை இப்போது சோதிக்கத் தேவையில்லை, சோதிக்கவும் மாட்டார்கள். பிஆர்சிஏவுக்குச் சிறு வயதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, அதனால் 18 தாண்டி அவர்களே முடிவெடுக்கட்டும் என்பதுதான் நடைமுறை. வேறு சில மரபணுக்களில் கதை வேறு. ஏபிசி (APC) என்ற மரபணுவில் மாற்றம் உள்ள குடும்பங்களில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பெருங்குடலைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், ரெட் என்ற மரபணுவில் சில மாற்றங்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே தைராய்டை எடுத்துவிடுகிறார்கள். பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பரம்பரை நிலையான லிஞ்ச் நோய்க்குறி என்றால், எந்த மரபணு என்பதைப் பொறுத்து இருபதுகளிலோ முப்பதுகளிலோ கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) தொடங்கும், அதில் புற்றாக மாறுவதற்கு முன்பே பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியை எடுத்துவிட முடியும்.

லிஞ்ச் என்றதும் ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. 1895-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நோய்க்குறியியல் பேராசிரியர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் ஒருவர், எங்கள் வீட்டில் எல்லோரும் வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் போகிறார்கள், நானும் சின்ன வயதிலேயே அப்படித்தான் போவேன் என்று சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்த்தின் அதைக் காதில் போட்டுக்கொண்டு அந்தக் குடும்பத்தைத் தேடித் தேடி எழுதி 1913-ல் வெளியிட்டார். அதற்குக் காரணமான, லிஞ்ச் நோய்க்குறியைத் தரும் எம்எஸ்எச் 2 மரபணு மாற்றத்தை அதே குடும்பத்தின் வாரிசுகளிடம் கண்டுபிடித்தது 2000-ல். நூறு வருடத்துக்கு மேல். அந்தத் தையல்காரப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் தெரிந்து என்ன செய்வது என்பதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. மரபியல் விஞ்ஞானி மேரி கிளேர் கிங் பிஆர்சிஏ 1 இருக்கும் இடத்தை 17ஆம் குரோமோசோமில் காட்டியதே 1990-ல்தான், மரபணுவைப் பிரித்தெடுத்தது 1994-ல். உங்கள் அம்மாவின் அம்மா காலத்தில் இதைப் பேசாமல் மூடி வைத்ததற்கு ஓர் அர்த்தம் இருந்தது, பேசி எதுவும் ஆகப்போவதில்லை. சித்தி அந்தக் காலத்துப் பழக்கத்தில்தான் நிற்கிறார்.

சித்தியோடு சண்டை போடாதீர்கள். அவர் அக்காவைப் பறிகொடுத்தவர், இப்போது அக்கா மகளுக்கும் வந்துவிட்டது, அடுத்து என் பெண்களா என்ற பதற்றம்தான் கோபமாக வருகிறது. சில பெற்றோருக்கு இன்னொன்றும் உள்ளே அரிக்கும்: என்னால்தானே என் பிள்ளைக்கு வந்தது. இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள், "சித்தி, இது யாரும் குடுக்கறதும் இல்ல, வாங்கறதும் இல்ல, அம்மா மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது" என்று. அம்மாவிடமிருந்து பெற்ற நீங்கள் சொன்னால்தான் அதற்கு எடை.

ஆனால் அவருடைய பெண்கள் வயதுக்கு வந்தவர்கள் என்றால், அவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று தடுக்க சித்திக்கு உரிமை இல்லை என்பதுதான் என் கருத்து. நீங்கள் சொல்லப்போவது உங்கள் உடம்பைப் பற்றிய செய்தி, சித்தியின் ரகசியம் எதையும் வெளியிடவில்லை. முதலில் சித்தியிடம் போய், இன்ன தேதிக்குள் நீங்களே சொல்கிறீர்களா, அல்லது நான் சொல்லட்டுமா என்று அன்பாகக் கேளுங்கள், ஒரு மாதம் நேரம் கொடுங்கள், பின்னால் மறைவாகச் செய்யாதீர்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சித்தி சோதிக்காமல் அவர் மகள் சோதித்து அவளுக்கு அதே மாற்றம் இருப்பதாக வந்தால், சித்திக்கும் இருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள விரும்பாத ஒருவருக்கு அது திணிக்கப்பட்ட மாதிரி ஆகும். அந்தப் பெண்களிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், ஆலோசகரிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லட்டும்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். போனில் சொன்னது அரைமணி நேரத்தில் மறக்கும், பயந்திருப்பவருக்குப் பாதி காதிலேயே ஏறாது. காகிதம் பீரோவில் கிடக்கும், மனசு தயாராகும் நாளில் எடுத்துப் படிப்பார்கள். அக்காவுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன், உங்கள் வார்த்தைகளில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"அக்கா, நீ பதில் போடலன்னு எனக்குக் கோபம் இல்லை. குரூப்ல அப்படிப் போட்டிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ. எனக்கு வந்த கேன்சருக்குக் காரணம் பிஆர்சிஏ 1-ல ஒரு மாற்றம்னு தெரிஞ்சிருக்கு. உனக்கு அது இருக்கவும் பாதி வாய்ப்பு, இல்லாம இருக்கவும் பாதி வாய்ப்பு. இருந்தா கேன்சர் இருக்குன்னு அர்த்தம் இல்லை. இருந்தா, வராம தடுக்க நிறைய செய்யலாம். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் கீமோ எடுத்திருக்க வேண்டாமோ என்னமோ. நீ டெஸ்ட் எடுக்கணும்னு நான் கேக்கலை. ஒரே ஒரு தடவை ஆலோசகர்கிட்ட பேசிப் பாரு, ரத்தம் குடுக்காம திரும்பி வந்தாலும் சரி. என் ரிப்போர்ட் கூட வெச்சிருக்கேன், முதல் பக்கத்துல கோடு போட்ட வரி முக்கியம். எப்ப வேணும்னாலும் நான் கூட வரேன். ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டாலும் வரேன்."

கவனித்தீர்களா, அதில் கேட்பது ஒரு சின்ன விஷயம்தான். டெஸ்ட் எடு என்றால் அது ஆபரேஷன் வரைக்கும் போகிற பெரிய கதவாகத் தெரியும். ஒருமுறை பேசு என்றால் அது ஒரு மதியம். அப்புறம், என்ன ஆகும் என்பதைவிட என்ன செய்யலாம் என்பதற்கு அதிக வரி கொடுத்திருக்கிறேன். 2013-ல் ஏஞ்சலினா ஜோலி தனக்குப் பிஆர்சிஏ 1 மாற்றம் இருப்பதையும் மார்பகங்களை முன்கூட்டியே நீக்கிக்கொண்டதையும் வெளிப்படையாக எழுதியபோது உலகம் முழுக்க டெஸ்ட் கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கை சட்டென்று கூடியது. அவர் எழுதியதிலும் ஆபத்து இருந்தது, பக்கத்திலேயே அதற்கு என்ன செய்தார் என்பதும் இருந்தது. அவரைப் போலவே எல்லோரும் செய்ய வேண்டும் என்பதில்லை, ஆனால் வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் கதவைத் தட்டுவார்கள்.

அவர்கள் சொல்லும் மறுப்புகளில் ஒன்றிரண்டு உண்மையிலேயே நியாயமானவை, அவற்றுக்குத் தட்டிக்கழிக்கிற பதில் சொல்லாதீர்கள். காப்பீடு அதில் ஒன்று. மரபணு முடிவைக் கேட்கலாமா, அதை வைத்து மறுக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு, ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும்கூட வேறுபடும். ஆயுள் காப்பீடு எடுக்க நினைத்திருப்பவர் டெஸ்டுக்கு முன்பே அந்த விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. இன்னொன்று, "தெரிஞ்சா தூக்கம் போயிடும்." மாற்றம் இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் பதற்றம் கூடுவது உண்மை, பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது. இல்லை என்று வந்தவர்களும் அழுவார்கள், தயாராக இருங்கள். தங்கைக்கு வந்ததே, எனக்கு மட்டும் தப்பித்துவிட்டதே என்று குமுறி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்கா அப்படி அழுதால், தப்பித்ததில் உங்களுக்குச் சந்தோஷம் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லுங்கள், அதை உங்கள் வாயால் கேட்க வேண்டியிருக்கும்.

கடிதம் கொடுத்தபின் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் சொந்தப் பரிசோதனைக்குப் போய்வரும்போது, "இன்னைக்கு செக்கப் போயிட்டு வந்தேன், நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். கேட்கத் தோன்றுபவர் கேட்பார். விசேஷ வீட்டில் கேட்காதீர்கள், அம்மாவின் நினைவு நாளில் கேட்கவே கேட்காதீர்கள். உங்களுக்கு முடியவில்லை என்றால் ஆலோசகரிடமே சொல்லுங்கள், உறவினருக்குக் கொடுக்கும் விளக்கக் கடிதம் ஒன்றை மருத்துவமனையின் தாளில் எழுதித் தருவது எங்கள் வேலையில் ஒரு பகுதிதான். தங்கை சொல்லிக் கேட்காதவர்கள் அந்தத் தாளைப் பார்த்து வருவதும் உண்டு.

ரிப்போர்ட்டை ஏழெட்டுப் பிரதி எடுத்து, குறியீடு இருக்கும் வரியில் கோடு போட்டு, தனித்தனி உறைகளில் போடுங்கள். அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, சித்தியின் பெண்களுக்கு ஒவ்வொன்று. பிஆர்சிஏ 1 உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ பொதுவாக 25 வயதில் தொடங்கும், தம்பியின் மூத்த மகளுக்கு அதற்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது, தம்பி அதற்குள் ரத்தம் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அவள் பெயரையும் அவள் தங்கை பெயரையும் எழுதி இரண்டு உறைகளை உங்கள் ஃபைலிலேயே வைத்திருங்கள்.